பாட்டிலில் பாதி உண்மை: டீசல் அடிடிவும் குளிர்கால ஸ்டார்ட்டிங்கும்

என் டீசல் வண்டிக்குக் குளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினுக்குள் சூடேற்றும் பிளக்) மாற்றிய கையோடு நண்பர் கேட்டார்: "நீங்கதான் வருஷக்கணக்கா டீசல்ல கலக்குற அந்த ரசாயன அடிடிவ் ஊத்துறீங்களே, குளிர்ல ஸ்டார்ட் ஆக நானும் வாங்கலாமா?" ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். செட்டேன் எண்ணை, அதாவது டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் அளவை, கூட்டும் வகை உண்மையிலேயே வேலை செய்கிறது. அதிலுள்ள 2-எத்தில்ஹெக்சைல் நைட்ரேட், டீசல் பற்றிக்கொள்ளும் தாமதத்தைக் குறைக்கும். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆனதும் வரும் குலுக்கல், வெள்ளைப் புகை, கடகடவென்ற சத்தம் எல்லாம் என் வண்டியில் நன்றாகவே அடங்கின. ஐரோப்பியத் தரத்தில் செட்டேன் எண் குறைந்தபட்சம் 51 இருக்க வேண்டும். அப்படிப்பட்ட டீசலில் வித்தியாசம் குறைவாகத்தான் தெரியும். அமெரிக்கத் தரம்போல 40 இருந்தாலே போதும் என்கிற இடங்களில் பலன் கூடுதல்.

எனக்குக் கோபமே பாட்டில் மேல் இருக்கும் வாசகத்தில்தான். 'குளிரில் உடனே ஸ்டார்ட்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எந்தக் கோளாறுக்கு என்று சொல்வதில்லை. குளிரில் டீசலில் இருக்கும் மெழுகு படிகமாகி ஃபில்டரை அடைப்பது வேறு பிரச்சினை. அதற்கு ஆன்டி-ஜெல் வேண்டும். அது படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல் ஃபில்டர் வழியாகப் போகவைக்கும். ஆனால் டீசல் கலங்கத் தொடங்குவதற்கு முன்பே ஊற்றி, மேலே டீசல் நிரப்பிக் கலக்கவிட வேண்டும். மெழுகு கட்டிய பிறகு ஊற்றினால் அதைக் கரைக்காது. இவ்வளவு முக்கியமான விஷயம் பாட்டிலின் பின்பக்கம், கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தில்! நடுக்குளிரில் வண்டி நின்றபிறகு கடைக்கு ஓடுகிறவர் அதை எப்போது படிப்பார்?

பேட்டரி தளர்ந்திருந்தாலோ, குளிருக்கு ஆகாத கெட்டி ஆயில் ஊற்றியிருந்தாலோ எந்த அடிடிவும் உதவாது. என் வண்டியில் குளோ பிளக் போனபோது பாட்டில் ஒன்றும் செய்யவில்லை. பிளக் மாற்றியதும் சட்டென்று பிடித்துக்கொண்டது.

அதனால் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். பேட்டரியையும் குளோ பிளக்கையும் சோதியுங்கள், ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள், குளிர்கால டீசல் கிடைத்தால் அதையே பிடியுங்கள். நான் மட்டும் செட்டேன் வகையை விடப்போவதில்லை, அந்தக் கடகட சத்தத்தை இனி என்னால் பொறுக்க முடியாது. நான் சொன்னதையும் மீறி நீங்கள் வாங்குவதாக இருந்தால், பாட்டிலில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.