குறைபார்வைக் குழந்தைகளுக்குக் கோடிங்: இழுக்கும் செயலியா, தட்டும் செயலியா, கையில் பிடிக்கும் கருவியா?

குழந்தைகளுக்குக் கோடிங் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச். அது இலவசமாகக் கிடைக்கிறது. அதில் கட்டளைகள் பிளாக்குகள் எனப்படும் வண்ணத் துண்டுகளாக இருக்கும்; அவற்றை இழுத்துப் பொருத்தினால் நிரல், அதாவது கணினிக்கான கட்டளை வரிசை, உருவாகும். ஆனால் புதுச்சேரி முதல் கடலூர் வரையுள்ள பள்ளிகளில், கண்ணாடி அணிந்த பிறகும் கரும்பலகை தெரியாத குழந்தைகளுக்குச் செயலி வடிவமைக்க விரும்புவோர், அதன் வடிவத்தை அப்படியே பின்பற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கண்ணாடி போன்ற பார்வைத் திருத்தத்துக்குப் பிறகும் நல்ல கண்ணின் கூர்மை 6/18-க்குக் குறைந்து 3/60 வரை இருப்பது குறைபார்வை (6/18 என்றால், இயல்பான கண் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்தான் காண முடியும்). இத்தகைய குழந்தைக்கு நிறமும் வடிவமும் தெரியும்; எழுத்தைப் பெரிதாக்கினால் படிக்கவும் முடியும்.

சிக்கல் அந்தப் பெரிதாக்கலில்தான் தொடங்குகிறது. நான்கு மடங்கு பெரிதாக்கினால், திரையின் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே ஒரு நேரத்தில் தெரியும். பிளாக்குகளின் பட்டியல் ஓரத்திலும் நிரல் நடுவிலும் இருப்பதால், எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் சேர்ந்து கண்ணில் படுவதே இல்லை. விரலை எடுக்காமல் இழுத்துக்கொண்டே இலக்கைத் தேட வேண்டியிருக்கிறது. நிறவேறுபாட்டைக் கூட்டினால் பிளாக் தெளிவாகும், இழுக்கும் தூரம் குறையாது. வீட்டில் இருக்கும் ஒரே கைபேசியில் இது இன்னும் கடினம்.

தட்டும் முறையில், நிரல் மேலிருந்து கீழாக ஒரே பட்டியலாக நிற்கும். குழந்தை இடத்தைத் தட்டுகிறது, பிளாக்கைத் தட்டுகிறது, அது அங்கே சேர்கிறது. தொட்ட வரியை, ஆண்ட்ராய்டு கைபேசியின் திரைவாசிப்பானான டாக்பேக் தமிழில் வாசிக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வில் உருவான பிளாக்ஸ் ஃபார் ஆல் என்ற செயலி இவ்வழியை முன்பே காட்டியிருக்கிறது. 2023-இல் வந்த இணைய அணுகல் நெறிமுறையின் 2.2 பதிப்பும், இழுத்துச் செய்யும் வேலைக்கு இழுக்காமல் செய்யும் மாற்று வழி வேண்டும் என்கிறது. இரண்டு பிளாக்குகளைக் கையால் பொருத்தும் மகிழ்ச்சி இதில் குறையும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொருந்தும்போது ஒரு சொடுக்கொலியும் சிறு அதிர்வும் கொடுத்தால் அதில் ஒரு பகுதி மீளும்.

தமிழ் எழுத்துருவுக்குத் தனிக் கவனம் தேவை. தடித்த எழுத்தில் ண, ன போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும், புள்ளி மேல்வரியோடு ஒட்டும். எனவே நடுத்தரத் தடிமனும் தாராளமான வரி இடைவெளியும் நல்லது. எந்த அளவு என்பதைக் குழந்தையைப் பரிசோதித்த கண் மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்யலாம்.

கையில் பிடிக்கும் கருவிகளில் மைக்ரோசாப்ட் ஆய்வகத்தில் பிறந்த கோட் ஜம்பர் குறிப்பிடத்தக்கது. கம்பியால் இணைக்கும் பெட்டிகள், திருகும் குமிழ்கள், ஒலியாக வரும் விடை என்று, பார்வையுள்ள நண்பனும் சேர்ந்து விளையாடும்படி அது அமைந்திருக்கிறது. ஆயினும் வகுப்பு முடிந்ததும் பெட்டி பள்ளியிலேயே தங்கிவிடும். வீட்டில் பயிற்சி செய்யச் செயலிதான் வேண்டும்.

பிளாக் இல்லாமல் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்து நிரலாக்கம் அடுத்த படி. பைத்தான் என்ற நிரல்மொழியில், ஒரு வரி எந்த அடுக்கை (ஒன்றாக இயங்கும் வரிகளின் தொகுதியை) சேர்ந்தது என்பதை இடது ஓர இடைவெளி சொல்கிறது. பெரிதாக்கிய திரையில் அந்த ஓரமே வெளியே போய்விடும். குவோரம் என்ற மற்றொரு நிரல்மொழி அடுக்கின் முடிவை ஒரு சொல்லாலேயே குறிப்பதால் காதுக்கும் கண்ணுக்கும் எளிது. தமிழ்வழி மாணவருக்கு இரண்டிலும் ஆங்கிலச் சொற்கள் தடையாக நிற்பதால், தட்டும் செயலியில் அடித்தளம் அமைந்த பின்னரே இதற்குப் போகலாம்.

ஆகவே முதலில் தட்டும் செயலியையே உருவாக்கப் பரிந்துரைக்கிறேன், அதையும் வகுப்பு முழுவதற்கும் பொதுவாக. பயிற்சிகளின் விடை படமாக மட்டும் இருக்கக் கூடாது. கடலூர்ப் பேருந்து முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று நிறுத்தங்களை வரிசையாக அறிவிக்கும்படி நிரல் எழுதச் சொன்னால், வரிசை பிழைத்ததை எல்லாக் குழந்தைகளும் கேட்டே கண்டுபிடித்துத் திருத்துவார்கள்.