சாங்கி வரை ஒரு ஞாயிறு சவாரி

எங்கள் வட்டாரச் சைக்கிள் குழுவோடு சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கிலிருந்து சாங்கி வில்லேஜ் வரை போய்வந்தேன். கட்டணம் கிடையாது. ஹெல்மெட்டும் முன்பின் விளக்கும் இல்லையென்றால் சேர்க்க மாட்டார்கள், அதுவும் சரிதான்.

சாலையில் ஒரு குழுவில் ஒற்றை வரிசை என்றால் அதிகபட்சம் ஐந்து பேர், இரட்டை என்றால் பத்துப் பேர் என்பது 2022 முதல் விதி. அதனால் வேகம் பார்த்துப் பிரித்துவிடுகிறார்கள். நான் கேட்காமலே கடைசிக் குழு! ஆனால் அரட்டையெல்லாம் அங்கேதான். சாங்கி கோஸ்டல் ரோட்டில் எதிர்காற்று முகத்தில் அறைய, பின்னால் வந்த அக்கா, "தம்பி, கியரைக் குறைங்க, முட்டி போயிடும்" என்றார். பள்ளம் வந்தால் முன்னால் போகிறவர் கையைக் கீழே நீட்டுவார். அந்தச் சைகை ஒவ்வொருவராகக் கடைசி ஆள் வரை வந்து சேரும். பார்க்கவே அழகு.

குறை ஒன்றுதான். உணவங்காடியில் நாசி லெமாக்குக்கு வரிசை, அப்புறம் தே தாரிக், அப்புறம் இன்னொரு தே தாரிக். கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மதியம் வேலை இருப்பவர்கள் சாப்பிட்டதும் நழுவிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.