இழுப்புக்கு எந்தச் சோதனை: மைக்ரோ ஆர்.என்.ஏ.வா, ஊதிப் பார்ப்பதா?

ரத்தத்தில் மிதக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற மிகச் சின்ன மரபுப் பொருள் துண்டுகளை வைத்தே ஆஸ்துமாவைக் கண்டுபிடித்துவிடலாம் என்று செய்திகள் வருகின்றன. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இழுப்போடு டாக்டரிடம் போகிறவருக்கு இன்று கிடைக்கும் சோதனைகளுக்குப் பக்கத்தில் வைத்தால், இது எந்த இடத்தில் நிற்கும்?

முதலிடம், கருவியில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரிக்குத்தான். அது மூச்சையே அளக்கிறது. மற்றவையெல்லாம் மூச்சைப் பற்றிய துப்பைத் தேடுகின்றன. முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று பார்த்து, இன்ஹேலர் கொடுத்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். அந்த அளவு 12 சதவீதமும், கூடவே 200 மில்லியும் ஏறினால் ஆஸ்துமாவுக்கு வலுவான சாட்சி. ஆனால் உடம்பு நன்றாக இருக்கும் நாளில் போனால் நார்மல் என்று வந்துவிடும்.

அந்தக் குறையை ஈடுகட்டுவது பீக் ஃப்ளோ மீட்டர். விலை குறைந்த, கையடக்கமான குழாய். நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வறுக்கும் புகை, பருப்பில் தொலி எடுக்கும்போது கிளம்பும் தூசி, கயிறு வேலையில் தேங்காய் நாரிலிருந்து பறக்கும் தூள் என்று இங்கே பலருக்கு இழுப்பு வேலையிடத்தோடு சேர்ந்தே வருகிறது. வேலை நாளிலும் லீவு நாளிலும் தினம் நாலு தடவை ஊதி, சில வாரம் நோட்டில் எழுதி வந்தால், எண்கள் எந்த நாளில் இறங்குகின்றன என்று தெரிந்துவிடும். ஞாயிறு ஒரு நாள் மட்டும் போதாது; தொடர்ந்து சில நாள் லீவு வேண்டும். எந்த ரத்தச் சோதனையும் இதைச் சொல்லாது.

ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான ஈசினோபிலின் எண்ணிக்கையைப் பார்ப்பது மலிவு, சின்ன லேபிலும் செய்வார்கள். மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு இன்ஹேலர் நன்றாகக் கேட்கும் வகை என்று நினைக்கலாம். ஆனால் குடல் புழு இருந்தாலும் ஏறும். யானைக்கால் புழுவால் வரும் ஒரு நுரையீரல் நோயில் 3000-ஐயும் தாண்டும். ராத்திரி இருமலும் இழுப்பும் ஆஸ்துமா போலவே இருக்கும், மருந்தோ வேறு. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எண்ணிக்கை இறங்கிவிடும், அதுவும் ஏமாற்றும். மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு பார்க்கும் சோதனையும் ஈசினோபிலோடு சேர்ந்து வரும் மூச்சுக்குழாய் அழற்சியைத்தான் காட்டுகிறது. கருவி எல்லா ஊரிலும் இருக்காது.

சரி, மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 மரபு எழுத்து நீளம். புரதம் எதையும் உண்டாக்காது, மற்ற மரபணுக்களின் வேலையைக் குறைக்கும். 1993-இல் ஒரு சின்ன உருளைப்புழுவில் இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் அம்ப்ரோஸுக்கும் ரவ்குனுக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது. ஆஸ்துமா ஆய்வுகளில் மிர்-21, மிர்-155, மிர்-223 என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்; ‘மிர்’ என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சுருக்கம். ஈசினோபிலும் நைட்ரிக் ஆக்சைடும் குறைவாகவே இருக்கும், ஆனாலும் இழுப்பு அடங்காத நோயாளிகள் உண்டு. அவர்களைப் பிரித்துக் காட்ட இன்று நல்ல அடையாளம் இல்லை. அவர்களில் சிலருக்கு நியூட்ரோபில் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் மிகுந்திருக்கும்; மிர்-223 அவற்றில் ஏராளமாக இருப்பதால், அந்த வகை ஆஸ்துமாவைக் காட்டலாம் என்ற நம்பிக்கை நியாயமானதே.

சிக்கல் ரத்தக் குழாயிலேயே தொடங்குகிறது. சிவப்பணு கொஞ்சம் உடைந்தாலும் மிர்-451, மிர்-16 வெளியே கொட்டி முடிவைக் கலைத்துவிடும். குலசேகரத்தில் எடுத்த ரத்தம் குலுங்கிக்கொண்டே நாகர்கோவில் வந்து சேர்வதை நினைத்துப் பாருங்கள். ரத்தத்தை உறையவிட்டு, தெளிந்து நிற்கும் சீரத்தை எடுத்தால் தட்டணுக்கள் தங்கள் பங்கையும் அதில் சேர்க்கும். உறையவிடாமல் பிரித்த பிளாஸ்மாவில் வேறு எண் வரும். எதை அளவுகோலாக வைத்து ஒப்பிடுவது என்பதிலும் ஆய்வகங்களுக்குள் ஒப்புதல் இல்லை. போதாததற்கு மிர்-21 பல புற்றுநோய்களிலும் ஏறும், ஆஸ்துமாவுக்கு மட்டும் சொந்தமில்லை.

ஆகவே யாராவது ‘ஆர்.என்.ஏ. ஆஸ்துமா பேக்கேஜ்’ என்று விற்க வந்தால், எந்த எண்ணுக்கு மேல் நோய் என்று கேளுங்கள். அப்படி ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் இப்போதைக்குக் கிடையாது. அந்தக் காசுக்கு ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கலாம். மிச்சத்தில் ஸ்பைரோமெட்ரியும் பார்த்துவிடலாம்.