குளிர்ச் சட்டையும் வயிற்றடிக் கிளிப்பும்: நாய்ப் போட்டி மைதானத்தில் நீண்டநாள் பாவனை

விலை இறங்கியதும் கேள்வி வந்துவிட்டது. "அண்ணே, நாய்க்குப் போடுற அந்தக் குளிர்ச் சட்டை பாதி விலைக்குப் போகுது, ஒண்டு எடுத்து வைக்கட்டோ? போட்டியில ஏதும் அவசரமெண்டா உதவும்தானே?" எடுத்து வைப்பதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். நாய் வெப்பத்தில் விழும் அவசரத்துக்கு உதவுமா என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நனைத்து, பிழிந்து, நாய்க்கு மாட்டும் ஆவியாதல் வகைச் சட்டையைத்தான் சொல்கிறேன். வெளியே வலைத்துணி, நடுவே தண்ணீரைப் பிடிக்கும் துணி, உள்ளே மெல்லிய படலம். ஐஸ் பை வைக்கும் வகை வேறு, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தையல் உறுதி. கிணற்றுத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து போட்டால், கச்சான் வீசும் காலத்தில் இது செய்யும் வேலை ஆச்சரியமானது. திருகோணமலையில் ஆனி, ஆடியில் வெயில் 34 பாகையைத் தாண்டும், ஆனால் மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று காய்ந்த காற்று. 34 பாகையும் 55 சதவீத ஈரப்பதமும் உள்ள நேரத்தில் நனைந்த துணி ஏறத்தாழ 27 பாகை வரை இறங்கும். பங்குனி, சித்திரையில் காற்றே இல்லாமல் புழுங்கும் நாளில் வெயில் 32தான் காட்டும், ஈரப்பதமோ 80. அன்றைக்கு அதே துணி 29க்குக் கீழே வராது. அதாவது கூடுதலாகச் சுடுகிற நாளில் சட்டை நன்றாக வேலை செய்கிறது, குறைவாகச் சுடுகிற நாளில் சோம்புகிறது. ஒரு லீட்டர் தண்ணீர் முழுதாக ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், கணக்கு அவ்வளவுதான். ஆவியாகாத ஈரம் வெறும் பாரம்.

பெட்டியில் "8 மணிநேரம் குளிர்ச்சி" என்று அச்சடித்திருக்கிறார்கள். கச்சானில் அரை மணியிலேயே முதுகுப் பக்கம் காய்ந்துவிடும். காய்ந்த சட்டை நாய்க்குப் போர்வை. அதைக் கவனிக்காமல் போட்டி வளையத்துக்கு வெளியே நாயைக் கட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது.

அதைவிடப் பெரிய எரிச்சல் அந்தக் கிளிப். சட்டையைப் பூட்டும் பிளாஸ்டிக் கிளிப் இரண்டும் சரியாக வயிற்றுக்கு நடுவே அடியில் வருகின்றன. நிற்கிற நாய்க்குப் பூட்டுவது சுலபம், அழகாகவும் இருக்கும், விளம்பரப் படத்தில் எல்லா நாயும் நிற்கிறது. வெப்பத்தில் விழுந்த நாய் நிற்காது. பக்கவாட்டில் சரியும், 30 கிலோ லப்ரடோர் என்றால் கிளிப் பாதி உடம்புக்கு அடியில் போய்விடும், மிச்சப் பாதி மண்ணுக்குள். மேலே கழுத்துப் பட்டி வெல்குரோ. நம்முடைய மைதானங்களின் மணலும் நெருஞ்சி முள்ளும் அதற்குள் புகுந்தால் தேவையில்லாத நேரத்தில் கழரும், தேவையான நேரத்தில் நூலோடு நூலாகப் பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் முதலில் கழற்ற வேண்டிய பொருளே இதுதான் என்பதை வடிவமைத்தவர் யோசிக்கவேயில்லை.

ஏன் முதலில் கழற்ற வேண்டும்? விழுந்த நாயைக் குளிர்விக்க இரண்டு வழிதான் நம்பத்தக்கவை. இளம் வயது, வேறு நோயில்லாத நாய் என்றால் தலையை மட்டும் மேலே பிடித்துக்கொண்டு உடம்பைத் தண்ணீரில் அமிழ்த்துவது. வயதான நாய், பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு, ஏற்கெனவே நோயுள்ளது என்றால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே காற்றை அடிக்க விடுவது. இரண்டுக்கும் உரோமத்தின் அடி வரை தண்ணீர் போக வேண்டும். சட்டை குறுக்கே நிற்கும். ஈரத் துவாயைப் போர்த்திவிட்டு நிழலில் கிடத்துவது நம்மவர்களின் பழக்கம், அதுவும் இதே பிழைதான்: துவாய் சில நிமிடத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், பிறகு காற்றையும் மறிக்கும்.

"முதலில் குளிர்வி, பிறகு ஏற்று" என்பதுதான் இன்றைய மிருக வைத்திய அறிவுரை. பிரித்தானியாவில் 2016 முதல் 2018 வரை வெப்பத்தால் வைத்தியரிடம் கொண்டுவரப்பட்ட நாய்களின் பதிவுகளைப் பார்த்ததில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத்தான் வாகனத்தில் ஏற்ற முன் குளிர்வித்திருந்தார்கள். வைத்தியசாலைகள் கிட்ட இருக்கும் ஊரிலேயே நிலைமை அப்படி. இங்கே திருகோணமலையிலிருந்து பேராதனைக் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றால் தம்புள்ளை வழியாக 180 கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும். நகரில் இருக்கும் மிருக வைத்தியரின் ரெலிபோன் இலக்கம் ஒழுங்கமைப்பாளரின் மேசையில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். போட்டி பெரும்பாலும் சனி, ஞாயிறில் நடப்பதால், அன்றைக்கு அவர் ஊரில் நிற்பாரா என்று முந்திய கிழமையே கேட்டு வைக்க வேண்டும்.

சட்டையைப் போட்ட பிறகு இன்னொரு வில்லங்கம்: விலா எலும்பு அசைவது தெரியாது. மூச்சு எண்ணுவதுதான் வளையத்துக்கு வெளியே நிற்பவருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை, அதையே துணி மறைத்துவிடுகிறது. ஆகவே வாயைப் பாருங்கள். நாக்கு அகலித்து நுனி மேல்நோக்கி வளைந்தால், எச்சில் கயிறு மாதிரித் தொங்கினால், பல்முரசு கடும் சிவப்பானால் ஓட்டம் முடிந்தது. பின்கால் தள்ளாடினால், கூப்பிட்டதற்குக் காது அசையாவிட்டால் இனி அது அவசரம், நடுவரின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

வெப்பமானி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். பாமசியில் கிடைக்கும், நுனி வளையும் டிஜிட்டல் பேனா போதும். நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் 2 முதல் 3 சென்ரிமீற்றர் உள்ளே, உட்சுவரோடு சாய்த்துப் பிடிக்க வேண்டும். மலத்துக்குள் குத்தினால் பிழையான எண் வரும். சாதாரண நாய்க்கு 38.3 முதல் 39.2 பாகை. தடைதாண்டி ஓடி முடித்த திடமான நாய் 41ஐத் தாண்டியும் சிரித்துக்கொண்டு நிற்கும், ஆகவே எண்ணை மட்டும் பார்த்துப் பதறவும் வேண்டாம், நாய் தள்ளாடும்போது எண் குறைவென்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம். குளிர்விக்கும்போது இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, 39.5க்கு வந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். அதற்குக் கீழே விட்டால் தானாகவே அளவுக்கு மேல் இறங்கிவிடும். பூட்டிய வேனின் டாஷ்போர்டில் மட்டும் வெப்பமானியை வைக்காதீர்கள். உள்ளே சூடேறினால் அது நாயைத் தொட முன்பே உச்ச எல்லையைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

தண்ணீர் விசயத்தில்தான் இந்த ஊர் ஆட்களைக் கவிழ்க்கிறது. மைதானத்தில் குழாய் இருக்கிறதே என்று நம்பி வருகிறார்கள். கூரை மேல் கறுப்புத் தாங்கி, வெயிலில் சுருண்டு கிடக்கும் ஹோஸ்: நண்பகலில் முதலில் வருவது கை வைக்க முடியாத வெந்நீர். அதை விழுந்த நாயின் மேல் பிடிப்பவர்கள் உண்டு. ஹோஸைத் திறந்து தண்ணீர் ஆறும் வரை நிலத்தில் ஓடவிட்டு, புறங்கையில் பார்த்த பிறகே நாய்ப் பக்கம் திருப்ப வேண்டும். அதைவிடக் காலையிலேயே கிணற்றுத் தண்ணீரை 20 லீட்டர் கான்களில் நிரப்பி நிழலில் வைப்பது நல்லது. பெரிய நாய் ஒன்றுக்கு மூன்று கான், பக்கத்தில் ஒரு றிஜிபோம் பெட்டி நிறைய ஐஸ். ஐஸுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை, மீன்காரர் வாங்கும் இடத்திலேயே விடிய வாங்கலாம். குளியல் தொட்டி தேவையில்லை: ஒரு தறப்பாளை விரித்து, நாயை நடுவில் கிடத்தி, நாலு பேர் நாலு மூலையையும் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. மூன்று கான் தண்ணீரையும் ஊற்றி, ஐஸைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அசையாத தண்ணீர் உடம்பைச் சுற்றிச் சூடாகிவிடும். தலை தண்ணீருக்கு மேலே இருக்க ஒருவர் தாடையைப் பிடிக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரையில் நடக்கும் போட்டி என்றால் கடலே தொட்டி. ஆனால் நாய் உப்புத் தண்ணீரைக் குடிக்காமல் பார்க்க வேண்டும், நிறையக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஏறி அது தனி ஆபத்து. சட்டையைக் கடல் தண்ணீரில் நனைத்தால் அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புப் படிந்த துணி சரியாக ஆவி விடாது, நாயின் தோலையும் அரிக்கும்.

பனடோல் கொடுக்க வேண்டாம். இது காய்ச்சல் அல்ல, மருந்தால் இறங்காது, நாயின் ஈரலுக்கும் கேடு. மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கடிக்கும் என்று பயந்து துணியால் வாயைக் கட்டவும் வேண்டாம், மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. கூடை வகை வாய்மூடி ஒன்று வைத்திருங்கள். குளிர்ந்து எழும்பி வாலாட்டினாலும் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும், சிறுநீரகமும் இரத்த உறைதலும் கெடுவது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும். ஏற்ற முன் வேனின் ஏசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மீண்டும் சட்டைக்கு வருகிறேன். முதுகில் ஒரு வளையம் தைத்திருக்கிறார்கள், பலர் அதில் கயிற்றைக் கொளுவுகிறார்கள். அது வலைத்துணியில் தைத்தது, இழுத்தால் கிழியும். கோட்டைப் பக்கத்து மான்கள் நகருக்குள் எங்கும் திரிவது தெரிந்ததுதானே. ஒரு புள்ளிமான் வேலியோரம் தலையைக் காட்டினால் எந்தக் கீழ்ப்படிதல் பரிசு வாங்கிய நாயும் கீழ்ப்படியாது. கயிறு எப்போதும் கழுத்துப் பட்டியில். மேசையில் மேலதிகக் கயிறு நாலைந்து கிடக்கட்டும், உள்ளே நுழையும் தெருநாயைப் பிடிக்கவும் அது உதவும். அந்தக் கலவரத்தில் ஆளுக்குக் கடி விழுந்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே விசர்நாய்த் தடுப்பூசிக்கு வைத்தியசாலைக்கு. ஆளுக்கு அம்புலன்ஸ் 1990. நாய்க்கு அப்படி ஒரு இலக்கம் இல்லை, ஆகவே ஒரு வேனும் சாரதியும் போட்டி முடியும் வரை வாசலை மறிக்காமல் நிற்க வேண்டும். புதர் ஓரத்தில் பாம்பு தீண்டினால் கட்டுப் போடாமல், கீறாமல், நாயை நடக்கவிடாமல் தூக்கிப் போவது, அவ்வளவே.

நிழல் கூடாரத்தையும் மறக்க வேண்டாம். கச்சானில் முளை அடித்தால் மணலில் நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பி, ஒவ்வொரு காலுக்கும் 20 கிலோவுக்குக் குறையாமல் கட்டுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்து, நாலு மணிக்குப் பிறகு மிச்சத்தை வைத்தால் மேலே சொன்னதில் பாதிக்கு வேலையே வராது. அதிதிகளின் வசதிக்காகப் பத்து மணிக்குத் தொடங்குகிற வழக்கத்தை யார் கொண்டுவந்தார்களோ.

சட்டையைத் துவைக்க வாசனைத் திரவம் போட வேண்டாம், துணி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். வாடை மழைக் காலத்தில் நன்றாகக் காயாமல் மடித்து வைத்தால் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முரண்தான்: இன்றைக்குப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அவசரத்துக்கென்று இதை வாங்க மாட்டேன். அந்தக் காசுக்கு தறப்பாள், மூன்று கான், வெப்பமானி, நுனி மழுங்கிய பண்டேஜ் கத்தரிக்கோல் எல்லாம் வந்துவிடும். முறை வரும்வரை நாயைக் குளிர்ச்சியாக வைத்திருக்கத்தான் வேண்டும் என்பவர்கள் வாங்கலாம். கறுப்பு நிறம் வேண்டாம். நெஞ்சின் மிக அகலமான இடத்தை அளந்து, இரண்டு விரல் நுழையும் தளர்வோடு எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் தையல்காரரிடம் கொடுத்து வயிற்றடிக் கிளிப் ஒன்றை இடது விலாவிலும் மற்றதை வலது விலாவிலும் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், பட்டி இரண்டையும் வெட்டி நீட்ட வேண்டிவரும். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு கிளிப் மேலே இருக்கும், மற்றப் பட்டியைக் கத்தரிக்கோல் பார்த்துக்கொள்ளும்.