ரேவன்லாஃப்ட்: எந்தப் பதிப்பை எடுப்பது?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காரர்களிடம், அதன் சாகசப் புத்தகமான ரேவன்லாஃப்ட் பெயரைச் சொன்னாலே ஸ்ட்ராட் பெயர் வந்துவிடும். தம்பி செர்கேய் கட்டிக்கொள்ள இருந்த தாத்யானா மேல் ஆசைப்பட்டு, தம்பியையே கொன்று ரத்தக்காட்டேரியாகிப்போன பரோவியா பிரபு. கதை ஒன்றுதான், ஆனால் 1983லிருந்து திரும்பத் திரும்ப விற்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் புத்தகம் வேறு.

முதலில் வந்தது அந்த விளையாட்டின் அன்றைய நிறுவனமான டிஎஸ்ஆர் வெளியிட்ட ரேவன்லாஃப்ட், வரிசை எண் ஐ6. ட்ரேசி ஹிக்மேன், லாரா ஹிக்மேன் தம்பதி எழுதியது, வெறும் 32 பக்கம். அந்தக் காலத்துச் சாகசங்கள் பலவற்றில் பெரிய எதிரி நீங்கள் கதவைத் திறக்கும்வரை கடைசி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பான். ஸ்ட்ராட் அப்படி இல்லை, அவனே தேடி வருவான். அப்புறம் மேடம் ஈவாவின் சீட்டு ஜோசியம்: அவனை வீழ்த்த உதவும் சூரிய வாள் எங்கே, புனிதச் சின்னம் எங்கே, ஸ்ட்ராட் எங்கே, முக்கியமாக இந்தத் தடவை அவனுக்கு என்னதான் வேண்டும், எல்லாவற்றையும் சீட்டே முடிவு செய்யும் என்பதால் இரண்டாம் தடவை ஆடினாலும் வேறு ஆட்டமாக இருக்கும். டேவிட் சதர்லேண்ட் சாய்கோணத்தில் வரைந்த கோட்டைப் படங்கள் கொள்ளை அழகு, ஆனால் அதைப் பார்த்து மேஜையில் கட்டம் போட உட்கார்ந்தால் தலை சுற்றும்.

1993ல் வந்த ஹவுஸ் ஆஃப் ஸ்ட்ராட், அதையே விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளுக்கு மாற்றியது. சேகரிப்பவர்களுக்குச் சரி.

2006ல் ப்ரூஸ் கார்டெல், ஜேம்ஸ் வயட் எழுதிய எக்ஸ்பெடிஷன் டு காஸில் ரேவன்லாஃப்ட், 3.5 பதிப்பின் விதிகளுக்கு. சண்டைகளுக்குத் தனிப் பக்கம், படம், எதிரியின் பலம் காட்டும் எண்கள் எல்லாம் ஒரே இடத்தில். சண்டை நடத்த வசதிதான், ஆனால் அறையின் வர்ணனை ஒரு பக்கம் சண்டை இன்னொரு பக்கம் என்று புரட்டிக்கொண்டே இருந்தால் பயம் எங்கே நிற்கும்? எனக்கு இது ஒட்டவே இல்லை.

2016ல் கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட். கிறிஸ் பெர்கின்ஸ் தலைமையில், ஹிக்மேன் தம்பதியையும் சேர்த்துக்கொண்டு ஐந்தாம் பதிப்புக்காகச் செய்தது, 256 பக்கம். கோட்டையோடு நிற்காமல் வல்லாக்கி, க்ரெஸ்க் ஊர்கள், ஆம்பர் கோயில் என்று பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றலாம். சுற்றலாம் என்றால், முதல் லெவலிலேயே டெத் ஹவுஸ் என்ற தொடக்கச் சாகசத்தில் பாதிக் குழு காலி ஆகலாம், முடிக்க மாதக்கணக்கில் ஆகும், ஒரே ஆளைப் பற்றிய தகவல் பல அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கும். 2020ல் சவப்பெட்டி வடிவப் பெட்டியில், ஜோசியத்துக்கான டாரோக்கா சீட்டுக்கட்டோடு மறுபடி வந்தது. கதையில் வரும் நாடோடிக் கூட்டமான விஸ்தானிகளை, நிஜ நாடோடி மக்களைப் பற்றிய பழைய இழிவான பிம்பத்தில் காட்டியதாக எழுந்த விமர்சனத்துக்குப் பிறகு அந்தப் பகுதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். வாங்கினால் இந்தத் திருத்திய பதிப்பையே வாங்குங்கள்.

வாரம் தவறாமல் வருகிற குழு இருந்தால் கர்ஸ்தான், யோசிக்கவே வேண்டாம். நாலைந்து அமர்வில் முடிக்கணும் என்றால் ஐ6, பிடிஎஃப்பாகவே கிடைக்கிறது. இரண்டும் கையில் இருக்கிற, ஆட்டத்தை நடத்துகிற டிஎம், கோட்டை அத்தியாயத்தையும் எதிரிகளின் எண்களையும் கர்ஸிலிருந்து எடுத்துக்கொண்டு, ஸ்ட்ராட்டின் நோக்கத்தை மட்டும் 1983 முறைப்படி சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கலாம், ஏனென்றால் புதுப் புத்தகத்தின் சீட்டு அதைச் சொல்வதில்லை.