ஹட்டன் பக்கம் பழைய டிஷ்வாஷர் திருத்தக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் யாராவது பழைய வெளிநாட்டு டிஷ்வாஷரைத் திருத்தக் கொடுக்க இருந்தால், இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள். எனக்குப் போனது 68,000 ரூபாய். பணம் போனால் போகட்டும் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை. ஆனால் பணத்தைவிடப் பெரிய விஷயமும் இதில் இருக்கிறது. என் அம்மா வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்று அந்த மெஷினைத் திறந்துகொண்டிருந்தவர்.

சிவனொளிபாதமலை சீசனில் வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இரவு ரொட்டி, கறி, விடியுமுன் தேத்தண்ணீர் என்று பாத்திரம் குவியும். டிக்கோயாவில் ஜனவரி மாதம் பைப்பைத் திறந்தால் விரல் விறைத்துவிடும். அம்மாவுக்கு மூட்டுவாதம் வேறு. அந்த நேரம் பார்த்து, ஒரு தோட்டத்து பங்களாவில் பழைய சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கராஜில் சாக்கு மூடிக் கிடந்தது ஒரு மீலே டிஷ்வாஷர். ஜெர்மன்காரன் செய்தது. ஐரோப்பாவில் முதன்முதலாக மின்சார டிஷ்வாஷர் செய்த கம்பனி அதுதான், 1929இல். இது அவ்வளவு பழசு இல்லை, எண்பதுகளில் வந்தது. கதவைத் திறந்தால் உள்ளே ஸ்டீல் தகடு முகம் பார்க்கும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது. 15,000 ரூபாய். கணவர் சிரித்தார். நான் லொறிக்குச் சொல்லிவிட்டேன்.

வாங்குமுன் ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்தேன், கதவு ஓரத்தில் இருந்த பெயர்த்தகட்டைப் பார்த்தேன். 220 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நம் ஊர் கரண்டுக்கு ஒத்துவரும். அமெரிக்க மெஷின் என்றால் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் போட்டு வோல்ட்டைக் குறைக்கலாம், ஹேர்ட்ஸை அது மாற்றாது. மோட்டார் மெதுவாகச் சுற்றும், சூடாகும், டைமரும் இழுத்து இழுத்து ஓடும்.

வீட்டில் வைத்துப் போட்டோம். மோட்டார் "ம்ம்ம்" என்று முனகியது, சுற்றவில்லை. தண்ணீர் சூடாக வேண்டிய கட்டத்துக்கு டைமரைத் திருப்பினால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. இந்த இரண்டு குறைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் மெஷின் திருத்துகிற ஒரு பாஸ் வந்தார். பெயரையும் கடையையும் இங்கே போடப் போவதில்லை. பேச்சு நல்ல மரியாதை. "மிஸ், இந்த மாதிரி மெஷினை இனிக் காணக் கிடைக்காது. மோட்டார் காயில் எரிஞ்சிருக்கு, ஹீட்டர் போச்சு, கதவு ரப்பரும் போச்சு. கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்த்தான் சாமான் எடுக்கணும்" என்றார். முற்பணமாக 25,000 கொடுத்தேன். மெஷினை ஏற்றிக்கொண்டு போனார். ஐந்து வாரம். கோல் எடுத்தால் ஒரு நாள் கொழும்பில் மழை, ஒரு நாள் கடை பூட்டு, ஒரு நாள் அவர் மச்சானுக்குக் கலியாணம்.

கொண்டுவந்து இறக்கிய அன்று எங்கள் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டினார். சிங்க்கில் பாவிக்கும் பாத்திரம் கழுவும் திரவத்தை எடுத்து உள்ளே ஊற்றி, பாதியில் கதவைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று நுரை. "பாருங்க மிஸ், எப்படி அடிக்குதுன்னு!" நானும் கைதட்டாத குறை. மீதி 43,000த்தை எண்ணிக் கொடுத்தேன். எனக்குக் கிடைத்தது கொப்பித்தாளில் எழுதிய ஒரு கணக்கு: காயில், ஹீட்டர், ரப்பர், கூலி. பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

டிஷ்வாஷரில் நுரை வரவே கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கென்று விற்கிற தூளில் நுரை எழும்பாது. உள்ளே தேய்க்கிற வேலையைச் செய்வது வேகமாகப் பீய்ச்சும் சுடுதண்ணீர். நுரை வந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும், பீய்ச்சல் செத்துப்போகும், கதவோரம் கசியும். நம் மலைத் தண்ணீர் சுண்ணாம்பு இல்லாத மென்தண்ணீர் வேறு, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இல்லை. கொஞ்சம் சவர்க்காரம் பட்டாலே நுரை அடங்காது. அன்று அங்கே கசிந்த தண்ணீரையெல்லாம் அவர் நுரை என்றே துடைத்துவிட்டார்.

பதினோராவது நாள் இரவு, சமையலறைப் பலகைத் தரை முழுக்கத் தண்ணீர். துடைத்துவிட்டு எழும்பும்போது மெஷின் கதவில் கை வைத்தேன். விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கூச்சம். முதலில் குளிர் என்று நினைத்தேன். புறங்கையால் மறுபடி தொட்டேன். (இதை நீங்கள் செய்ய வேண்டாம்.) கரண்ட்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்து ஃபெக்டரியில் கரண்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவரைக் கூப்பிட்டேன். பிளக்கைக் கழற்றி, மெஷினைச் சரித்து, அடித்தட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம் "அக்கா, இங்க வந்து பாருங்க" என்றார்.

டோர்ச் வெளிச்சத்தில் நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் வயர் வெட்டப்பட்டு, நுனி மடித்து, கறுப்பு டேப்பால் சுற்றியிருந்தது. அடித்தட்டில் ஒரு ரிஜிபோம் மிதவை இருக்கிறது. கசிவுத் தண்ணீர் தட்டில் தேங்கினால் அது மிதந்து மேலே வந்து ஒரு சின்னச் சுவிட்சைத் தட்டும். உடனே தண்ணீர் எடுப்பது நின்று, வெளியேற்றும் பம்ப் ஓடும். அந்த மிதவையை ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். மோட்டாரில் 1986 என்ற ஸ்டிக்கர் மேல் பழைய தூசு அப்படியே. "புதுசா கட்டின" காயிலில் ஃபெக்டரியில் பூசிய வார்னிஷ் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. ஹீட்டரும் பழையதுதான், அதன் திருகாணியில் துருவே கழன்றிருக்கவில்லை. புது ரப்பர் என்றது பழைய ரப்பரின் ஓரமாக இழுத்துவிட்ட சிலிக்கன்.

தம்பி விளக்கிச் சொன்னது இதுதான். மோட்டார் எரியவே இல்லை. பல வருடம் தண்ணீர் காணாமல் கிடந்ததால் பம்ப்பின் சீல் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. கையால் தண்டைத் திருகிவிட்டால் சுற்றும், அந்த ஆளும் அதைத்தான் செய்திருப்பார். ஒட்டிய சீலைப் பிய்த்துச் சுற்றவிட்டதும் அது ஒழுகத் தொடங்கியது. ஒழுகினால் மிதவை காட்டிக்கொடுக்கும், அதனால் மிதவைக்குக் கட்டு. ஹீட்டர் கதையும் இதே மாதிரி. ஹீட்டர் குழாய்க்குள் இருக்கும் வெள்ளைத் தூள் சும்மா கிடந்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். போட்டதும் கரண்ட் கொஞ்சம் எர்த்துக்குக் கசியும், ட்ரிப் சுவிட்ச் விழும். எர்த் வயரை வெட்டினால் கசிந்த கரண்ட் போக வழியில்லை, சுவிட்ச் விழாது. கசிவு மட்டும் மெஷின் உடம்பிலேயே, யாராவது தொடும்வரை காத்திருக்கும். என் விரல் வழியாகப் போன கரண்ட், 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழும் அந்த ட்ரிப் சுவிட்சைத் தட்டப் போதவில்லை. ஈரக்காலோடு இரண்டு கையாலும் பிடித்திருந்தால் என்று தம்பி ஆரம்பித்தார், அம்மா நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஹீட்டரைக் கழற்றி ஃபெக்டரிக்குக் கொண்டுபோய், தேயிலை ட்ரையருக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்துக் காயவிட்டார். பிறகு மெகரில் (கரண்ட் கசிவைப் பார்க்கும் மீட்டர்) பிடித்துப் பார்த்தார், கசிவு போயிருந்தது. (போகாவிட்டால் புது ஹீட்டர்தான், வேறு சமாதானம் கிடையாது.) பம்ப் சீலை ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு கடித உறையில் வைத்து அனுப்பினான். எர்த் திரும்பப் பொருத்தியாயிற்று, மிதவையின் கட்டையும் அவிழ்த்தாயிற்று. எல்லாமாக எனக்கு ஆன செலவு 9,000க்கும் குறைவு.

பாஸுக்கு கோல் எடுத்தேன். "நான் தரும்போது ஓடிச்சுதானே மிஸ்" என்றார். அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன். முதல் கேள்வியே பற்றுச்சீட்டு இருக்கிறதா என்பதுதான். என்னிடம் இருப்பது கொப்பித்தாள். மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்று கணவர் சொல்கிறார், பார்ப்போம்.

நீங்கள் கொடுப்பதானால் கொடுக்குமுன் மோட்டார், ஹீட்டர், அடித்தட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மாற்றியதாகச் சொல்கிற பழைய சாமானைக் கையில் கேளுங்கள். தராவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் திகதியும் கையெழுத்தும் உள்ள பற்றுச்சீட்டு இல்லாமல் மீதிக் காசை எண்ண வேண்டாம். வந்த பிறகு, பாவிக்குமுன், எர்த் வயர் அறாமல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்த வேறு ஒருவரிடம் காட்டுங்கள். திருத்தியவரிடமே அல்ல.

டேப் சுற்றிய அந்த எர்த் வயர் துண்டையும் பிளாஸ்டிக் டையையும் நான் எறியவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். அம்மா இப்போதும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் அந்தக் கதவைத் திறக்கிறார்.