ஃப்ரீ டிஷ்ஷைத் திருப்ப எது தோது: பக்கத்து வீட்டு டிஷ்ஷா, போன் ஆப்பா, மீட்டரா?

தூர்தர்ஷனின் இலவச டிவி சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது. அதனாலேயே ஆள் கூப்பிடாமல் தாங்களே மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். பிடிக்க வேண்டியது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரிதான். நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினால் சிக்னல் பாதியாகிவிடும்.

பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்து வைப்பதுதான் காசில்லாத வழி. ஆனால் அது எந்தக் கம்பெனி டிஷ்? சன் டைரக்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திருப்பலாம். டாடா ப்ளே 83 டிகிரியைப் பார்க்கிறது. சென்னையில் அது கிட்டத்தட்ட நேர் தெற்கு. நமக்கு வேண்டியதோ தென்கிழக்கு. ஏர்டெல் 108.2 டிகிரி, அது இன்னும் கிழக்கே தள்ளி.

டிஷ் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று காட்டும் போன் ஆப் இதைவிட எவ்வளவோ மேல். வடக்கிலிருந்து வலப்பக்கமாக எண்ணினால் சென்னைக்கு 134 டிகிரி, மதுரைக்கு 122, நாகர்கோவிலுக்கு 116. சென்னைக்காரர் வீடியோவில் காட்டும் திசை நாகர்கோவிலில் எடுபடாது. இரும்புக் கம்பி பக்கத்தில் இருந்தால் போன் காம்பஸ் உளறும், உண்மைதான். ஆனால் நம் ஊரில் செயற்கைக்கோள் 68 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருக்கிறது. அதனால் டிஷ்ஷை 5 டிகிரி பக்கவாட்டில் திருப்பினால் வானத்தில் 2 டிகிரிகூட நகராது. மேல்கீழ் சாய்வுக்கு இந்தச் சலுகை இல்லை, அங்கே ஒரு டிகிரி என்றால் ஒரு டிகிரிதான். ஆகவே முதலில் ரசமட்டம் வைத்துக் குழாயைச் செங்குத்தாக நிறுத்துங்கள்; குழாய் சாய்ந்திருந்தால் பிராக்கெட்டில் அச்சடித்த டிகிரிக் கோடுகளுக்கு அர்த்தமே இல்லை. தட்டு அவ்வளவு நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று பதற வேண்டாம். இது ஆஃப்செட் டிஷ், அதாவது சிக்னலை வாங்கும் தலை (எல்.என்.பி.) நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் வகை; சுமார் 25 டிகிரி குறைவாகப் பார்ப்பதுபோல்தான் தெரியும்.

சிக்னல் பார்க்கக் கடையில் விற்கும் முள் மீட்டரில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏதோ ஒரு செயற்கைக்கோள் கிடைத்தால் போதும், கீச்சென்று கத்தும். எது என்று சொல்லாது. டிஷ் டிவியின் 95 டிகிரி ஒன்றரை டிகிரி தள்ளித்தான் இருக்கிறது. மீட்டர் உச்சத்தில் நிற்கும், கீழே டிவி கறுப்பாகவே இருக்கும்.

கடைசித் தீர்ப்பை செட்டாப் பாக்ஸின் சிக்னல் பக்கத்திடம் விடுவதே சரி. அதிலும் ஸ்ட்ரெங்த் பட்டையைப் பார்த்து ஏமாறக் கூடாது, கேபிளும் எல்.என்.பி.யும் ஒழுங்காக இருந்தாலே அது ஏறிவிடும். குவாலிட்டி பட்டைதான் கணக்கு. டிவி முன்னால் ஒருவரை உட்காரவைத்து, போனில் பேசிக்கொண்டே மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று விநாடி காத்திருக்க வேண்டும், பாக்ஸ் மெதுவாகத்தான் பிடிக்கும்.

அப்புறம் எல்.என்.பி. முறுக்கு. பலர் தொடுவதே இல்லை. நேராக விட்டால் கிடைமட்ட அலையும் செங்குத்து அலையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். செயற்கைக்கோளைப் பார்த்து டிஷ்ஷுக்குப் பின்னால் நின்றால், சென்னையில் இடஞ்சுழியாக 45 டிகிரி. நாகர்கோவிலில் 60-க்கும் மேல். கிளாம்ப் ஸ்குரூவைத் தளர்த்தித் திருப்பினால் குவாலிட்டி ஏறுவது கண்ணெதிரே தெரியும்.

நட்டுகளை ஒரே பக்கமாக இறுக்கினால் டிஷ் இழுபடும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, பட்டையைப் பார்த்தபடியே இறுக்குங்கள். வெயில் நாளில் குவாலிட்டி உச்சத்தில் இருந்தால்தான் மழை நாளிலும் படம் நிற்கும்.